ஆண்டவர் எந்த அணியில் ஆடுகிறார்?

போன வருஷம் (2025) அக்டோபர் 30 ராத்திரி, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் அழுதுகொண்டே பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 338 ரன். 2017 அரையிறுதியில் நம்மிடம் தோற்றதற்கு அப்புறம் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி அது. நம் பெண்கள் ஒன்பது பந்து மீதி வைத்து 341 எடுத்து ஜெயித்தார்கள். ஜெமிமா 134 பந்தில் 127, கடைசிவரை அவுட் இல்லை. மைக்கை நீட்டியதும் முதலில் இயேசுவுக்கு நன்றி சொன்னார். தனியாகத் தன்னால் இது முடிந்திருக்காது என்றார். பிறகு அம்மா, அப்பா, கோச், தன்னை நம்பியவர்கள் என்று வரிசையாக நன்றி சொன்னார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கூட்டம் கிளம்பியது. ஒன்று திட்டிய கூட்டம். இன்னொன்று கொண்டாடிய கூட்டம். அது என்னுடைய கூட்டம், கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாரும் அடக்கம். எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் கோபம். முதல் கூட்டத்தின் மேல் கோபம் அதிகம். இரண்டாவது கூட்டத்தின் மேல் உரிமை அதிகம். அதனால் இரண்டு பேருக்கும் இன்று சேர்த்தே பூசை.

முதலில் திட்டியவர்கள்.

அவர்கள் சொன்னது இதுதான்: நாட்டுக்காக ஆடுகிற ஆட்டத்தில் மதத்தை எதற்கு இழுக்கிறாள்? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே அணியில் தீப்தி சர்மா இருக்கிறார். கையில் அனுமார் பச்சை குத்தியிருக்கிறார், இன்ஸ்டாகிராமில் ஜெய் ஸ்ரீராம் எழுதியிருக்கிறார். கோப்பையோடு அணி போய்ப் பிரதமரைப் பார்த்தபோது பிரதமரே அதைக் கேட்டு விசாரித்தார். தீப்தியும் அது தனக்குப் பலம் தருகிறது என்று சொன்னார். அழகான பதில். இறுதிப் போட்டியில் 58 ரன்னும் ஐந்து விக்கெட்டும் எடுத்த பெண் அப்படிச் சொல்ல யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? யாரும் அவரிடம் நாட்டுக்கு ஆடும்போது அனுமார் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் அனுமாருக்கு ஒரு அளவுகோல், இயேசுவுக்கு ஒரு அளவுகோல் என்றால் அதை விளையாட்டுப் பற்று என்று என்னிடம் சொல்லாதீர்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்தவன் நான். ஒரே மாதிரி இரண்டு மனு வந்து, ஒன்றை அனுமதித்து ஒன்றை நிராகரித்தால், காரணம் மனுவில் இருக்காது, மனுதாரரின் பெயரில் இருக்கும்.

ஜெமிமாவுக்கு இது புதிதும் இல்லை. 2024 அக்டோபரில் மும்பை கார் ஜிம்கானா அவருக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் அந்தஸ்தை ரத்து செய்தது. அவருடைய அப்பா அந்த இடத்தில் மதக் கூட்டம் நடத்தினார் என்பது புகார். விதிப்படி இடம் கேட்டு, எல்லாரும் வரலாம் என்று திறந்த கதவோடு நடந்த ஜெபக்கூட்டம்தான், மதமாற்றம் எதுவும் இல்லை என்று அப்பா மறுத்தார். அதன் உள்விவகாரத்துக்கு நான் போகவில்லை. ஜிம்கானாவுக்கு விதி இருக்கும், இருக்கட்டும். ஆனால் ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் நாட்டை இறுதிப் போட்டிக்கு அழைத்துப் போன ராத்திரியிலும் அந்தப் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்தார்கள் பாருங்கள், அதற்குப் பெயர் என்ன?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் நடக்கிறது என்று நம் ஆட்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதுவும் பொய். 2021 அக்டோபர் 24, துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றோம். பதினொரு பேரும் சேர்ந்து தோற்றார்கள். திட்டு முகமது ஷமிக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் கேப்டன் கோலி வெளிப்படையாகவே, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைவிடக் கேவலம் இல்லை என்று பொருள்படச் சொன்னார். கோலியின் ஆட்டத்தைவிட எனக்கு அந்தப் பத்திரிகையாளர் கூட்டம்தான் பிடிக்கும். 2022 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்ச் விட்டார். இருபத்து மூன்று வயதுப் பையன். அன்று ராத்திரியே அவர் விக்கிப்பீடியா பக்கத்தில் காலிஸ்தான் என்று எழுதிவிட்டார்கள். கேட்ச் விடுவதற்கும் காலிஸ்தானுக்கும் என்ன சம்பந்தம்? நம் கல்லி கிரிக்கெட்டில் விடாத கேட்சா?

அதே ஷமிக்கு 2025 மார்ச்சில் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதி, துபாய் வெயில், ரம்ஜான் மாதம். பந்து போட்டுக் களைத்தவர் தண்ணீர் மாதிரி ஏதோ குடித்தார். நோன்பை விட்டது பாவம் என்று ஒரு மௌலானா அறிக்கை விட்டார். வெளி ஆள் "நீ எங்கள் ஆள் இல்லை" என்கிறான், உள் ஆள் "நீ சரியான எங்கள் ஆள் இல்லை" என்கிறான். நடுவில் அந்த மனுஷன் பத்து ஓவர் போட வேண்டும்.

சரி, இனி நம்மவர்கள்.

அக்டோபர் 31 காலையில் என் போனில் வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. "ஆஸ்திரேலியாவை வீழ்த்திய இயேசு", "எரிகோ மதில் விழுந்தது", ஜெமிமா தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்ட படம், பின்னணியில் பாட்டு. என் மருமகன் மூன்று முறை அனுப்பினார். மாப்பிள்ளை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அந்தப் பெண் சொன்னது அது இல்லை. அந்தத் தொடர் முழுக்கப் பதற்றத்தில் இருந்ததாக, ஏறக்குறைய தினமும் அழுததாகச் சொன்னார். நடுவில் ஒரு ஆட்டத்தில் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அரையிறுதியில் மூன்றாவதாக இறங்க வேண்டும் என்பதே ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரிந்ததாம். கடைசி ஓவர்களில் உடம்பில் தெம்பு போனபோது வேதத்தில் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். பலம் கேட்டதாகச் சொன்னார். ஆஸ்திரேலியாவைக் கடவுள் தோற்கடித்தார் என்று சொல்லவே இல்லை. அதை நாம்தான் சேர்த்தோம்.

82 ரன்னில் ஜெமிமா கொடுத்த கேட்சை அலிசா ஹீலி விட்டார். நம் வாட்ஸ்அப் வேதாந்திகள் கணக்குப்படி ஹீலியின் கையுறையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டது யார்? அப்படியானால் ஹீலி என்ன பாவம் செய்தார்? மூன்று நாள் கழித்து, நவம்பர் 2, தென்னாப்பிரிக்காவுடன் இறுதிப் போட்டியில் ஜெமிமா எடுத்தது 24 ரன். அன்றைக்கு ஆண்டவர் லீவில் இருந்தாரா? அன்று ஜெயிக்க வைத்தது ஷெஃபாலி வர்மாவின் 87, தீப்தியின் ஐந்து விக்கெட். அப்போது அனுமார் ஜெயித்தார் என்று மற்றவர்கள் சொன்னால் உங்களால் என்ன பதில் சொல்ல முடியும்? ஸ்கோர் போர்டில் கடவுளை ஏற்றினால் அடுத்த ஆட்டத்தில் அவரும் அவுட் ஆவார். இது விசுவாசம் இல்லை, பந்தயம் கட்டுவது.

இதை ஏன் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் மும்பையில் இல்லை. இங்கே, இந்த வட்டாரத்தில் இருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பங்கு ஒன்றில் ஒவ்வொரு கோடை லீவிலும் இளைஞர்களுக்கு வாலிபால் போட்டி நடக்கும். (எந்தப் பங்கு என்று எழுதப்போவதில்லை. படிக்க வேண்டியவர்களுக்குத் தெரியும்.) பத்து வருஷமாக முதல் பரிசுக்கோப்பை என் பென்ஷனிலிருந்து போகிறது. இதுவரை யார் வேண்டுமானாலும் அணி கொண்டு வரலாம். பழையசீவரத்திலிருந்து, திருமுக்கூடலிலிருந்து, வாலாஜாபாத்திலிருந்து எல்லாம் பையன்கள் வருவார்கள். இந்த வருஷம் ஒரு புது விண்ணப்பப் படிவம் அச்சடித்திருக்கிறார்கள். பெயர், வயது, ஊர். நான்காவது கட்டம்: மதம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "கிறிஸ்தவ இளைஞர்களுக்கு மட்டும்". ஜெமிமா ஜெயித்த உற்சாகத்தில் "நம் பிள்ளைகளை நாம்தான் வளர்க்க வேண்டும்" என்று கமிட்டியில் முடிவாம். நல்லெண்ணம்தான். நான் மறுக்கவில்லை.

இன்னொரு பக்கம், எங்கள் மலையடிவாரத்தில் இரண்டு மூன்று பேர், சிலுவை போட்ட பனியனோடு வரும் அணி இனிமேல் கோயில் பக்கத்து மைதானத்தில் ஆடக்கூடாது என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களும் நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி இரண்டு நல்லெண்ணமும் சேர்ந்தால் நடுவில் நெட் கட்ட இடம் இருக்காது.

பங்குக் கமிட்டிக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். மதவாரியாக அணி பிரித்து ஆடுவது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பம்பாயில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆடிப் பார்த்து விட்டுவிட்டார்கள். 1892-இல் ஐரோப்பியர் – பார்சி என்று ஆரம்பித்தது. 1907-இல் இந்துக்கள் சேர்ந்தார்கள், 1912-இல் முஸ்லிம்கள். நான்கு மத அணி. கிறிஸ்தவனுக்கு அணியே இல்லை. 1937-இல்தான் ஐந்தாவதாக ஒரு அணி வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? "தி ரெஸ்ட்". அதாவது மீதி. இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, பார்சி இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை; மீந்து போனவர்கள். அந்த மீதி அணியில் ஆடியவர் விஜய் ஹசாரே. சாங்க்லிக்காரர், கிறிஸ்தவர், பின்னாளில் இந்திய கேப்டன். 1943-44 இறுதிப் போட்டியில் இந்துக்கள் அணி 581 எடுத்து ஐந்து விக்கெட்டில் டிக்ளேர் செய்தது. மீதி அணி முதலில் 133-க்குச் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் மொத்தம் 387. அதில் ஹசாரே மட்டும் 309. தம்பி விவேக் ஒரு பக்கம் கட்டை போட்டு நின்று எடுத்தது 21, இருவரும் சேர்த்தது 300. அப்படியும் இன்னிங்ஸ் தோல்வி. அந்த ஸ்கோரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் சங்கடமாகவும் இருக்கும். இப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனை "மீதி" என்று பெயர் வைத்த கட்டத்தில் அல்லவா நிறுத்தியிருந்தார்கள்!

இந்துக்கள் அணிக்குள் மட்டும் எல்லாம் சரியாக இருந்ததா? பல்வங்கர் பாலூ என்று ஒரு இடது கை சுழல் பந்து வீச்சாளர், தாழ்த்தப்பட்ட சமூகம். பூனாவில் அவருக்கு டீ வெளியில் வைத்துத் தனிக் குவளையில் கொடுத்தார்கள். அவர் பந்தை நம்பித்தான் அணியே இருந்தது, கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் கிடைத்தது. மதவாரியாக அணி பிரித்தால் சாதி வெளியே நிற்கும் என்று நினைக்கிறீர்களா? நம் சபையில் அது தெரியாதவர் யார்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் வைத்தவர்கள் நாம். இன்று "கிறிஸ்தவர் மட்டும்" என்பீர்கள். நாளைக்கு மேலத்தெரு அணி, கீழத்தெரு அணி என்பீர்கள். கபடிப் போட்டிக்கு அனுமதி கொடுக்கும்போது பனியனில் சாதி அடையாளம் கூடாது, அரசியல் தலைவர் படம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை போடுகிற நாட்டில் இருக்கிறோம்.

1940 டிசம்பரில் பம்பாய்க்காரர்கள் சிலர் காந்தியிடம் போய் இந்த ஐந்து மதப் போட்டி பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னதன் சாரம்: கல்லூரிக்கும் கல்லூரிக்கும், ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் போட்டி என்றால் எனக்குப் புரிகிறது, இந்து, பார்சி, முஸ்லிம் என்று அணி வைப்பது எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. கிரிக்கெட் ஆட்டக்காரராக இல்லாத மனுஷனுக்கு அது புரிந்தது. 1946-இல் போட்டியையே மூடிவிட்டார்கள். நம் சென்னையில் அந்தக் காலத்திலேயே பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் நடந்தது இந்தியர் – ஐரோப்பியர் ஆட்டம். மதம் பார்க்கவில்லை. நாம் பம்பாயைவிடக் கொஞ்சம் முன்னால்தான் இருந்திருக்கிறோம்.

காந்தி கல்லூரி என்று சொன்னதால் நம் கல்லூரிகளையும் பாருங்கள். லொயோலாவை 1925-இல் ஆரம்பித்தவர் பெர்ட்ராம் என்ற பிரெஞ்சு ஏசு சபைக் குரு. அவர் நினைவாக நடக்கும் பெர்ட்ராம் போட்டிகளுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஞானஸ்நானச் சான்றிதழா கேட்கிறார்கள்? இலங்கையில் முரளிதரன் படித்தது கண்டி புனித அந்தோனியார் கல்லூரி. அங்கே யாராவது "கத்தோலிக்கப் பையன் மட்டும் சுழல் பந்து போடலாம்" என்று சொல்லியிருந்தால் 800 விக்கெட் எங்கே போயிருக்கும்?

வாலிபாலுக்கே வருகிறேன். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று மலையடிவாரத்து நண்பர்களும் கேட்டுக்கொள்ளட்டும். 1895-இல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில், வில்லியம் மார்கன் என்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்தது. அதற்கு நான்கு வருஷம் முன்னால் பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டில், அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஜேம்ஸ் நைஸ்மித் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தார். ஒய்.எம்.சி.ஏ. என்றால் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஆரம்பித்த ஹாரி குரோ பக் அந்தச் சங்கத்து ஆள்தான். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.இ.டி. மாஸ்டர் என்ற ஒரு இனமே அங்கிருந்துதான் கிளம்பியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேனேஜராக அழைத்துப் போனவரும் அவரே. (கத்தோலிக்கனான நான் புரொட்டஸ்டன்ட்காரர்களுக்கு இவ்வளவு நற்சான்று கொடுப்பது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள்.)

அப்படி வந்த ஆட்டம் இன்று நரசிம்மர் மலைக்குக் கீழே சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கிறது. ஆடுகிறவன் யாரும் அதை மிஷனரி ஆட்டம் என்று நினைப்பதில்லை. அது அவனுடைய ஆட்டம். மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எங்கள் ஊருக்கு எழுந்தருளி மலை ஏறுவார், அப்புறம் திருமுக்கூடல் போவார். அன்றைக்குக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பது அதே வாலிபால் பையன்கள்தான். பங்கு அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் பையன் இந்து, அடிக்கிறவன் வாலாஜாபாத் பாய் வீட்டுப் பையன். "கிறிஸ்தவர் மட்டும்" என்றால் பங்கு அணியே முதல் சுற்றில் வீட்டுக்குப் போகும். இதையும் கமிட்டி யோசித்த மாதிரி தெரியவில்லை.

அப்படியானால் மைதானத்தில் மதமே கூடாது என்று சொல்கிறாயா என்பீர்கள். இல்லை. அந்த மருந்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். இன்றைக்கும் ஒன்பதாம் வாய்ப்பாடு மனசுக்குள் பிரெஞ்சில்தான் ஓடும். எங்களுக்கு முசியே கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்ட வார்த்தை லைசிதே. 1905 சட்டம், அரசு வேறு, திருச்சபை வேறு. எனக்கு அந்தக் கொள்கை மேல் இன்றும் மரியாதை உண்டு. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகள் தலையில் முக்காடு போடக் கூடாது என்று விட்டது. வேறு நாட்டுப் பெண்கள் போடலாம், பிரெஞ்சுப் பெண் போடக் கூடாது. சுங்கம்பா சில்லா என்ற ஓட்டக்காரி தொடக்க விழாவுக்கு முக்காட்டுக்குப் பதில் தொப்பி மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு துணியால் குடியரசு ஆட்டம் கண்டுவிடுமா? அரசாங்கத்துக்கு மதம் இருக்கக்கூடாது என்று எழுதியதை, ஓடுகிற பெண்ணுக்கு மதம் இருக்கக்கூடாது என்று படித்தால் அது வாசிப்புப் பிழை. எங்கள் முசியே இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

கோடு எங்கே போடுவது என்பதை நான் ஆபீசில் கற்றேன். ஆயுத பூஜை அன்று டைப்ரைட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைப்போம். நானும் சந்தா கொடுப்பேன், பொரி தின்பேன், என் மெஷினுக்குப் பொட்டு நானே வைப்பேன். சக குமாஸ்தா கூப்பிட்டால் அது அன்பு. ஆனால் ஒரு காலத்தில் ஒரு மேலதிகாரி வந்தார். பூஜை நேரத்தில் யார் கை கூப்பினார்கள், யார் கூப்பவில்லை என்று கண்ணால் எண்ணுவார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் வருஷ ரகசிய அறிக்கை எழுதும் பேனா அவர் கையில். அந்த அறையில் கை கட்டி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவனுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரெமர்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக் கால்பந்து கோச், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபிப்பார், பையன்கள் சுற்றி நிற்பார்கள். 2022 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கோச் பக்கம் தீர்ப்பு. நம் சபைகளில் இனிப்பு கொடுக்காத குறை. நான் அந்த மூன்று பேர் பக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பையன், ஆட வாய்ப்பு குறைந்துவிடுமோ என்று பயந்து ஜெபத்தில் சேர்ந்ததாக அவன் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் ஜெபத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது. ஜெமிமா ஜெபிக்கலாம், ஷமி சஜ்தா செய்யலாம், தீப்தி அனுமாரைத் தொட்டுக் கும்பிடலாம். அவர்களிடம் யாருடைய ரகசிய அறிக்கையும் இல்லை. கோச், தேர்வாளர், பங்குக் கமிட்டி, மந்திரி: இவர்களிடம் இருக்கிறது.

மந்திரி என்றதும் அரசியல். கட்சிக்காரர்கள் இதில் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். போன வருஷம் செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானோடு ஆடினோம், கை குலுக்கவில்லை. பஹல்காம் ரத்தம் காயவில்லை என்றார்கள். கோபம் நியாயம். அப்படியானால் ஆடாமல் இருந்திருக்கலாமே! டிக்கெட் பணமும் விளம்பரப் பணமும் வேண்டும், கை மட்டும் வேண்டாம் என்றால் அது வீரம் இல்லை, பாதி ஃபைல். 1999 ஜனவரியில் டெல்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். அதே மாதம் 31-ஆம் தேதி சேப்பாக்கத்தில் 271 தேவை, முதுகு வலியோடு சச்சின் 136, அவர் அவுட்டானதும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். ஜெயித்த வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை எழுந்து நின்று கை தட்டியது. 2013-இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐ.பி.எல். ஆடக்கூடாது என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார், அவர்களும் இங்கே ஆடவில்லை. முள்ளிவாய்க்கால் எனக்கும் வலிக்கிறது. ஆனால் பந்து போட வந்த பையன் ராஜபக்சே இல்லை. அன்றைக்கும் இதைச் சொன்னேன், டீக்கடையில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

நம் பங்குப் போட்டிக்கும் இந்த வருஷம் ஒரு கட்சிப் பிரமுகர் பேனர் செலவை ஏற்கிறாராம். பேனரில் அவர் படம் பெரிதாக, சேசு படம் மூலையில், ஜெமிமா படம் அதைவிடச் சின்னதாக. உத்திரமேரூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் தேர்தலில் நிற்கக்கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறான். அந்த விதியைப் பேனர் கொடுப்பவர்களுக்கு வைத்தால் இந்த மாவட்டத்தில் எத்தனை கம்பம் காலியாகும்!

விசுவாசமுள்ள விளையாட்டுக்காரன் வேண்டும் என்றால் எரிக் லிடெலைப் பையன்களுக்குச் சொல்லுங்கள். நம்ம பக் துரை போன அதே 1924 பாரிஸ் ஒலிம்பிக். ஸ்காட்லாந்துக்காரர், நூறு மீட்டரில் தங்கம் எதிர்பார்க்கப்பட்டவர். தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று மாதக்கணக்கில் முன்னாலேயே தெரிந்ததும் ஓட மாட்டேன் என்றார். ஞாயிறு யாருமே ஓடக்கூடாது என்று சொல்லவில்லை, போராட்டம் நடத்தவில்லை. நானூறு மீட்டருக்குப் பயிற்சி எடுத்து 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பிறகு சீனாவுக்கு மிஷனரியாகப் போய், 1945-இல் ஜப்பானியர் முகாமில் செத்தார். அமெரிக்கப் பேஸ்பாலில் சாண்டி கோஃபேக்ஸ் என்று ஒரு யூதர், தன் காலத்தில் அவரைப் போலப் பந்து எறிய ஆள் கிடையாது. 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் யோம் கிப்பூர் நாளில் வந்தது. அவர் ஆடவில்லை, அணி தோற்றது. கடைசி ஆட்டத்தில் வந்து ஜெயித்துக் கொடுத்தார். இந்த இரண்டு பேரும் தங்கள் நம்பிக்கைக்குத் தங்கள் பையிலிருந்து விலை கொடுத்தவர்கள். நம் கமிட்டி தன் நம்பிக்கைக்கான விலையை, பந்து தூக்கிக் கொடுக்கிற அந்த இந்துப் பையனிடம் வசூலிக்கப் பார்க்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரிடம் படிவத்தைக் காட்டிச் சொன்னேன். நான்காவது கட்டத்தையும் கீழே உள்ள சின்ன எழுத்தையும் அடித்துவிட்டால், ஐயாயிரம் ரூபாய் அன்றைக்கே வரும், கோப்பையில் என் பெயர்கூட வேண்டாம். "கமிட்டியில் வைக்கிறேன், ஐயா" என்றார். அதே மாதிரி மலையடிவாரத்து நண்பர்களிடமும், சிலுவைப் பனியன் மைதானத்துக்குள் வந்தால் என்ன தீட்டு என்று கேட்டிருக்கிறேன். பெருமாளுக்கு ஆட்சேபணை இருந்தால் மாட்டுப் பொங்கலன்றே அவர்கள் கொடுத்த தண்ணீரைத் தடுத்திருப்பார் அல்லவா? அவர்களும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் அந்தப் பணத்துக்கு ஒரு புது நெட்டும் இரண்டு பந்தும் வாங்கி, ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்தில் கம்பம் நட்டுவிடுவதாக இருக்கிறேன். காஞ்சிபுரத்தில் விலை விசாரித்துவிட்டேன். கம்பத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.